கடற்றொழில் என்று சொன்னேன்

என் தங்கையின் புருஷனை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அவரைப் பொலிஸ் கொண்டுபோன அன்று தங்கை தொலைபேசியில் கதறினாள். நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "சாப்பிட்டியோ?" என்று கேட்டேன். "இல்லை" என்றாள். "சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கஞ்சாப் பொதிகளோடு நடுக்கடலில் பிடிபட்டது அவருடைய படகு. இதில் அதிசயம் எதுவும் இல்லை. தொண்டைமானாற்றில் இரண்டு படகு வைத்து மீன் பிடிக்கிற மனிதன் மேல்மாடியும், தானாகத் திறக்கிற படலையும், அறைக்கு அறை குளிரூட்டியும் வைத்து வீடு கட்ட முடியாது. ஊருக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் கோயில் திருவிழாவில் அவருக்கு முதல் காளாஞ்சி மரியாதை கொடுத்தார்கள். நான் உடுப்பிட்டியில் வாழ்க்கைப்பட்டவள். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றவள். அந்த வீட்டுக்கு வருடத்தில் இரண்டு தரம், தங்கைக்காக மட்டும் போய்வந்தேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி தொலைபேசி அடித்தது.

"அக்கா, வீட்டை எழுதுறாங்கள். கெதியா வா."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் கொழும்பு வாகனங்கள் இரண்டு நின்றன. சட்டவிரோதமாகச் சேர்த்த சொத்துகளை விசாரிக்கவென்று உள்ள பொலிஸ் பிரிவிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். குற்றத்தால் வந்த சொத்தை அரசு மீட்கலாம் என்ற புதிய சட்டத்தைப் பற்றிப் பேப்பரில் படித்திருக்கிறேன். படித்தபோது, நல்லது என்றுதான் நினைத்தேன். இப்போது அந்தச் சட்டம் மதிலில் ஒட்டியிருந்தது. முடக்கல் கட்டளை. விற்கக்கூடாது, ஈடு வைக்கக்கூடாது, வாடகைக்கு விடக்கூடாது, உள்ளே இருக்கிற சாமானை இடம் மாற்றக்கூடாது.

கிராம அலுவலர் சாட்சியாக நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடுப்புத் தோய்க்கிற மெசினிலிருந்து இடியப்ப உரல் வரைக்கும் பட்டியல் எழுதினார்கள். தங்கை வீட்டுச் சட்டையோடு முற்றத்தில் நின்றாள். இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தாள். ஏனென்று முதலில் விளங்கவில்லை. தமிழ் பேசுகிற பொலிஸ் பிள்ளை ஒருத்தி கிட்டப் போனாள்.

"கையை எடுங்க அக்கா. போட்டிருக்கிற தோட்டையும் எழுதணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது எங்கடை அம்மா போட்டிருந்த தோடு. அதுவும் கஞ்சாவிலை வந்ததோ?"

"கோபிக்காதீங்க அம்மா. எழுத மட்டுந்தான் செய்வம். கழற்ற மாட்டம்."

"எழுதிப்போட்டுப் பேந்து வந்து கழற்றுவியள்."

அவள் குனிந்து தோட்டை எழுதினாள். மதிலுக்கு வெளியே அயலட்டைச் சனம் கூடி நின்றது. குடிபுகுதலுக்கு வந்து மூன்று பந்தி சாப்பிட்ட அதே முகங்கள். "என்ன, இண்டைக்கும் சாப்பாடு போடுறம் எண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டேன். இரண்டு பேர் விலகிப் போனார்கள். மற்றவர்கள் நின்று பார்த்தார்கள்.

அவர்கள் போனபிறகுதான் கட்டளையின் தமிழ்ப் பிரதியை முழுதாக வாசித்தேன். 'ஆறு பரப்புக் காணியும் அதிலுள்ள கட்டடமும்' என்று இருந்தது. வீட்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அதை இடித்துக் கடலில் கொட்டினாலும் வேடிக்கை பார்த்திருப்பேன். ஆனால் அந்தக் காணி அப்பா வாங்கியது. அதில் மூன்று பரப்பு என்னுடைய பங்காக இருந்தது. தங்கையின் கலியாணத்தின்போது என் பங்கையும் அவள் பெயருக்கே உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தவள் நான். அந்த மனிதன் எங்கள் வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்னால் எங்களிடம் இருந்த நிலம் அது.

பருத்தித்துறையில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். நான் கொண்டுபோன பழைய உறுதிகளை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வீட்டுக்கு நான் ஒண்டும் சொல்லேலாது. காணிக்கு நீங்கள் நிண்டு கதைக்கலாம். ஆனா அது நல்ல வழியிலை வந்ததெண்டு நீங்கள்தான் காட்டவேணும்."

"உறுதி இருக்குத்தானே?"

"உறுதி, காணி வாங்கினதைத்தான் காட்டும் ரீச்சர். வாங்கின காசு எங்கையிருந்து வந்ததெண்டு அது சொல்லாது."

அன்று பின்னேரம் தங்கையிடம் போய் இருந்த கோபம் முழுவதையும் கொட்டினேன். ஒரு கள்ளனைக் கட்டி, அவனை வாய்திறந்து ஒரு கேள்வி கேட்காமல் இருந்து, அப்பாவின் காணியையும் பொலிஸ் புத்தகத்தில் ஏற்றிவிட்டாய் என்றேன். அப்பா நெற்றி வேர்வை நிலத்தில் விழ உழைத்து வாங்கியது என்றேன்.

அவள் அழுதுகொண்டிருந்தவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

"அப்பாவோ? நீ மூத்தவள். உனக்கு என்னைவிட வடிவாத் தெரியும். அப்பா என்ன மீன் பிடிச்சே இந்தக் காணி வாங்கினவர்?"

எனக்குத் தெரியும். எங்கள் கரையில் அந்தத் தலைமுறை ஆண்கள் பலர் அக்கரைக்கு, இந்தியாவுக்கு, போய்வந்தார்கள். அப்பாவும் போனார். சேலை, கற்பூரம், பீடி இலை. திரும்பி வந்து இறக்கும்போது சுங்கத்துக்கு ஒளித்து இறக்கினார்கள். அதை வீட்டில் வியாபாரம் என்று சொன்னோம். நான் பள்ளிக்கூடம் போன பாவாடையே அப்படி வந்த துணிதான்.

"அப்பா கொண்டுவந்தது சீலை. ஆரின்ரையும் பிள்ளையளை நாசமாக்கிற சாமானில்லை" என்றேன்.

"ஒளிச்சுத்தானே கொண்டுவந்தவர்? சரி, அதை விடு. அத்தானின்ரை நெஞ்சு ஒப்பரேசனுக்கு ஆர் காசு தந்தது? அப்ப எங்கை போனது உன்ரை நேர்மை?"

என் கை உயர்ந்தது. அடிக்கவில்லை. ஆனால் அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

நாலு வருடத்துக்கு முன் என் கணவருக்கு நெஞ்சுக்குழாய் அடைத்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வரும்வரை தாங்கமாட்டார் என்றார்கள். கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் செய்தோம். கட்டணத்தில் பாதியைத் தங்கை கொண்டுவந்து தந்தாள். அது தங்கையின் காசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்கென்று ஒரு சம்பளம் ஒருநாளும் இருந்ததில்லை.

வாக்குமூலத்துக்கு யாழ்ப்பாணத்துக்கு வரச்சொன்னார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் சிங்கள அதிகாரி ஒருவர். பக்கத்தில் அதே தமிழ்ப் பிள்ளை. அவர் கேட்பதை அவள் தமிழில் சொல்வாள், நான் சொல்வதை அவள் சிங்களத்தில் சொல்ல, அவர் எழுதுவார்.

"உங்கட அப்பா என்ன தொழில் செஞ்சாங்கன்னு சேர் கேக்கிறார்."

"கடற்றொழில்."

"மீன்பிடியா?"

"கடற்றொழில் எண்டு எழுதச் சொல்லுங்கோ."

அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அதைச் சிங்களத்தில் சொன்னாள். அவர் எழுதினார்.

"சந்தேக நபர்கிட்ட இருந்து நீங்களோ, உங்கட வீட்டுக்காரரோ ஏதாவது வாங்கினீங்களா?"

"இல்லை."

முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளின் பொய்யை முகத்தைப் பார்த்தே பிடித்தவள் நான். என் பொய்யை அந்த மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார். எழுதிமுடித்துத் தாளை என் பக்கம் தள்ளினார். முழுக்கச் சிங்களம்.

"தமிழிலை தாங்கோ. வாசிச்சுப்போட்டுத்தான் கையெழுத்து வைப்பன்."

"நான் வாசிச்சுக் காட்டுறன் அம்மா" என்றாள் பிள்ளை.

"நீ நல்லாய் வாசிப்பாய். நாளைக்கு நீதிமன்றிலை நிக்கப்போறது நான்."

அதிகாரி பேனையை மேசையில் போட்டார். அடுத்த கிழமை வரச்சொன்னார்கள். போனேன், தாள் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் போனேன். மூன்றாம் தரம் தமிழ்ப் பிரதி கிடைத்தது. நாலு எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன். பொய்யை மட்டும் திருத்தவில்லை.

நீதிமன்று கட்டளையை நீடித்தது. காணியையும் வீட்டையும் இந்தக் கட்டத்தில் பிரிக்க முடியாது என்றும், காணியின் மேல் நாங்கள் கேட்பதை வழக்கின் முடிவில் பார்க்கலாம் என்றும் சொன்னது. தங்கை அந்த வீட்டிலேயே இருக்கலாம். மாதம் ஒருதரம் ஆட்கள் வந்து பட்டியலில் உள்ள சாமான் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஒருமுறை ஒரு மின்விசிறி பழுதாகி, தங்கை அதைத் திருத்தக் கொடுத்ததற்கு அரைநாள் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு தங்கையின் புருஷன் பிணையில் வந்தார்.

நான் பார்க்கப் போகவில்லை. அவரே என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி மாம்பழம். உடம்பு மெலிந்திருந்தது. குரல் மட்டும் மெலியவில்லை.

"அக்கா, நீங்கள் எங்களை விட்டுக்குடுக்கமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும்."

"நான் என்ன செய்தனான்?"

"வாக்குமூலத்தை என்ரை சட்டத்தரணி காட்டினவர். மாமா கடற்றொழில் எண்டு சொன்னியளாம். ஒப்பரேசன் கதையும் எடுக்கேல்லை. நல்ல வேலை. நானும் என்ரை தொழில் கடற்றொழில் எண்டுதான் சொன்னனான்."

சிரித்தார். குடும்பத்துக்குள் ஒரு ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்ட சிரிப்பு.

"பழத்தை எடுத்துக்கொண்டு எழும்புங்கோ" என்றேன்.

"ஏனக்கா கோவிக்கிறியள்? குடும்பம் எண்டால்..."

"எழும்புங்கோ!"

என் கணவர் உள்ளேயிருந்து வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றார். அவர் நெஞ்சில் என்ன காசு ஓடுகிறது என்று அவருக்கும் தெரியும்.

இரண்டு நாள் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் யாழ்ப்பாணத்துக்கு பஸ் எடுத்தேன். நியாயத்துக்காகப் போனேன் என்று சொன்னால் அதுவும் ஒரு பொய். அந்த மனிதன் என்னைத் தன் பக்கத்து ஆளாக எண்ணிக்கொண்டு ஒரு நாள்கூட நிம்மதியாக இருக்கக்கூடாது என்றுதான் போனேன்.

அதே அதிகாரி. என்னைக் கண்டதும் முகத்தைச் சுழித்தார். பிள்ளையிடம் சொன்னேன், முன்பு சொன்னதில் இரண்டு பிழை இருக்கிறது, திருத்தவேண்டும் என்று. ஒப்பரேசன் காசைச் சொன்னேன். ஆஸ்பத்திரிப் பற்றுச்சீட்டையும் கொடுத்தேன். அவர் அப்போதுதான் முதன்முதலாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதை எழுதினார். பிறகு அப்பா அக்கரையிலிருந்து சாமான் கொண்டுவந்ததைச் சொன்னேன்.

பிள்ளை அதை மொழிபெயர்க்க, அவர் பேனையை நிறுத்திவிட்டு ஏதோ கேட்டார்.

"அப்பா மேல வழக்கு இருந்ததான்னு கேக்கிறார். பிடிபட்டாங்களா?"

"இல்லை."

"ஏதாவது எழுத்தில இருக்கா?"

"இல்லை. நான் சொல்லுறன். அது போதாதோ?"

அவர் நீளமாக ஏதோ சொன்னார். பிள்ளை தயங்கிவிட்டுச் சுருக்கிச் சொன்னாள். "செத்தவங்கட கதை இப்ப வேணாமாம். ஒரு தமிழ்த் தாளுக்காக மூணு கிழமை எங்களோட சண்டை பிடிச்சிட்டு, இப்ப நீங்களே அதை மாத்த வாறீங்களேன்னு கேக்கிறார்."

"ஓம், மாத்தத்தான் வந்தனான். எழுதச் சொல்லு."

ஒரு வரி எழுதினார். அந்த வரி காணிக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. சட்டத்தரணி கேள்விப்பட்டதும் தலையில் கையை வைத்தார். "ரீச்சர், இனி ஒப்பரேசன் காசையும் உங்களிட்டைக் கேப்பாங்கள். காணியையும் நீங்களே பள்ளத்திலை தள்ளிப்போட்டியள்" என்றார். என் கணவர் நான்கு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள், மருந்துக் குளிசை எங்கே என்று கேட்டார். அதோடு சரி.

இப்போது நான் அரசாங்கப் பக்கத்துச் சாட்சி. அரசாங்கத்தின் மேல் எனக்கு எந்த அன்பும் இல்லை. பிறந்த வீட்டுத் தோட்டைப் பட்டியலில் எழுதியவர்களை நான் மன்னிக்கவும் இல்லை. போன தவணைக்கு நீதிமன்றுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். தங்கை வந்தாள். வேறு இடமில்லாததால் அதே வாங்கின் மற்ற நுனியில் இருந்தாள்.

பிறகு அவள் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்: "அப்பாவையும் கொண்டுபோய் அவங்களிட்டைக் குடுத்திட்டாய்."

"உன்ரை மனிசனிட்டை விட்டு வைக்கிறதைவிட அது நல்லம்" என்றேன்.

அவள் எழும்பிப் போய் வெயிலில் நின்றாள். உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனேன்.