தாரை வார்க்கப் பழகிய கதை

புரோஸ்டேட் அறுவைச் சிகிச்சை முடிந்து சிறுநீர்க் குழாயைக் கழற்றிய அன்று, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஓய்வெல்லாம் எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, லோரியிலிருந்து இறங்கும்போது கால்சட்டை நனைந்தது.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளுக்குக் கண்டெய்னர் ஏற்றிப் போகும் வேலை எனக்கு. லோரியின் படி உயரம். இறங்கினால் கசியும், இருமினால் கசியும், சிரித்தாலும் கசியும். நான் அதிகம் சிரிக்கிற ஆளில்லை என்பதால் கடைசி ஒன்று மட்டும் தொந்தரவு தரவில்லை.

இதற்கு நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினேன். துறைமுக வாசலில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும்போது வாய் காயாமல் இருக்கப் பால் இல்லாத கோப்பி மட்டும் குடித்தேன். நிலைமை இன்னும் மோசமானது.

நான்கு மாதத்தில் மகளுக்குக் கல்யாணம். மணவறையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்து, அவள் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, மேலே என் மனைவி செம்பிலிருந்து நீர் ஊற்ற, நான் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். எனக்கோ குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே ஓட வேண்டும்போல் இருக்கும். மண்டபம் நிறைய ஆட்கள், எதிரே வீடியோக்காரர், இடுப்பில் வெள்ளை வேட்டி. நினைத்தாலே வியர்த்தது.

காப்பாரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். "மூத்தவங்க நீங்கதாண்ணே. நீங்களும் அண்ணியும் உட்கார்ந்து தாரை வார்த்துக் குடுங்க" என்றேன். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே ஜிப்பா தைக்கக் கொடுத்துவிட்டார்.

மனைவிக்கு ஒரே கோபம். "பெத்தவரு குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ அவங்க எதுக்கு உட்காரணும்?"

"மூத்தவருக்கு ஒரு மரியாதை..."

"மரியாதையைப் பந்தியில காட்டுங்க லா!"

மகள், "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்த பரிசோதனையின்போது, மருத்துவர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குக் கடிதம் கொடுத்தார். கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ரயிலில் போனேன். கடைவீட்டின் மாடி. 'குழந்தைகள், பெண்கள், ஆண்கள்' என்று கதவில் எழுதியிருந்தது. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். உள்ளே ஓர் ஆண்கூட இல்லை. இறங்கிவிட்டேன். பூமாலைக் கடைகள்வரை நடந்து, திரும்பி வந்து ஏறி, மறுபடி இறங்கினேன்.

மூன்றாம் முறை ஏறும்போது கதவு திறந்தது. என் மகளைவிட நாலைந்து வயது மூத்த பெண். "அங்கிள், படி ஏறுறது நல்ல எக்சர்சைஸ்தான். ஆனா எங்க வேலை உள்ளதான் இருக்கு, வாங்க."

உள்ளே ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி சோப்புக் குமிழி ஊதிக்கொண்டிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அங்கிள், நீங்களும் ஸ்கூல்ல நனைச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவளுடைய அம்மா கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"இல்லம்மா, லோரியில" என்றேன்.

"ஓ" என்றாள். இதெல்லாம் சகஜம் என்பதுபோல மறுபடி ஊத ஆரம்பித்தாள். வீட்டில்கூடச் சொல்லாததை அந்தச் சிறுமியிடம்தான் முதலில் சொன்னேன். சொன்னதும் பாதிக் கூச்சம் போய்விட்டது.

மீதிப் பாதி அறைக்குள் காத்திருந்தது. இடுப்புக்கு அடியில் தூளி மாதிரி ஒரு தசை இருக்கிறதாம். சிறுநீர்ப்பையைத் தாங்குவது அதுதானாம். அதை இறுக்கிப் பழக வேண்டும். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "கூட்டத்துல காத்து வந்தா அடக்குவீங்கல்ல அங்கிள், அதே மாதிரி செய்ங்க" என்றாள் கதவைத் திறந்த அந்தப் பெண். லோரியில் கயிறு இழுத்துக் கட்டுகிற பழக்கத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பையே முறுக்கினேன். "அங்கிள், பல்லை இறுக்கச் சொல்லல. மூச்சு விடுங்க முதல்ல!"

என்ன குடித்தேன், எத்தனை முறை போனேன் என்று ஒரு வாரம் எழுதி வரச் சொன்னாள். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் கோடு போட்டு எழுதிக்கொண்டு போனேன்.

"கையெழுத்து அழகா இருக்கு. ஒரு நாளைக்கு ஏழு கோப்பி, தண்ணி எங்க?"

"குடிச்சா வந்துடுமே, டாக்டர்."

"நான் டாக்டர் இல்ல, பிசியோ. கோப்பிதான் உங்களை ஓட விடுது. அதை ஒண்ணாக் குறைங்க, தண்ணி குடிங்க."

அன்றுதான் கல்யாண விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்போ தண்ணி ஊத்தித்தான் பழகணும். யாரு ஊத்துவாங்க?" என்றாள்.

"மனைவி."

"அவங்களுக்குத் தெரியுமா?"

நான் மறுபடி காலண்டரைப் பார்த்தேன்.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். மனைவி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "இதுக்கா? இதுக்கா உங்கண்ணனுக்கு ஜிப்பா?" கத்தியை மறுபடி எடுத்து நாலு காயை நறுக்கினாள். பிறகு, "ரெண்டு பிள்ளை பெத்தவ நான். தும்முனா எனக்கு என்னா ஆகுதுன்னு என்னைக்காவது கேட்டீங்களா?" என்றாள்.

எனக்குத் தெரியாது. அவளும் இத்தனை வருஷம் சொன்னதில்லை. அடுத்த முறை இரண்டு பேருமே கொமியூட்டரில் போனோம்.

தினமும் சமையலறையில் ஒத்திகை நடந்தது. கீழே பேசின், என் கையில் மாப்பிள்ளைக்குப் பதில் ஒரு தேங்காய். முதல் சொட்டு விழுந்ததுமே தேங்காயைப் போட்டுவிட்டு ஓடினேன். "மாப்பிள்ளை உருண்டு போறாரு" என்றாள் மனைவி. பிசியோ சொல்லிக்கொடுத்த முறை வேறு: அவசரம் வந்தால் ஓடக் கூடாது. அசையாமல் இருந்து, நாலைந்து முறை சட்சட்டென்று இறுக்கி விட வேண்டும். அவசரம் தணிந்த பிறகுதான் நடக்க வேண்டும். இரண்டரை மாதத்தில் ஒரு செம்பு முழுவதும் ஊற்றி முடிக்கும்வரை உட்கார முடிந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "மரியாதையெல்லாம் மூணு மாசம்தானாடா? ஜிப்பா தைச்சாச்சே!" என்று கத்தினார். விஷயத்தைச் சொன்னேன். தொண்டையைச் செருமினார். பிறகு, "சரி சரி, நீயே உட்காரு. நான் முன் வரிசையில இருக்கேன்" என்றார்.

கல்யாணத்தன்று வேட்டிக்கு உள்ளே ஒரு பேட் வைத்துக்கொண்டேன். மகளின் கை சில்லென்று இருந்தது. ஐயர் மந்திரம் சொல்ல, மனைவி செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் விழுந்தது. இறுக்கினேன், மூச்சு விட்டேன். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சமயம் பார்த்து ஹோமப் புகை மனைவியின் மூக்கில் ஏறியது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "இறுக்கு" என்று முணுமுணுத்தேன். முறைத்தபடியே தும்மினாள். பாதித் தண்ணீர் ஐயர் மடியில் கொட்டியது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு சொட்டு கசிந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பேட் அதைப் பார்த்துக்கொண்டது. மகள் கையை நான் விடவில்லை.

தாலி கட்டி முடிந்து மெதுவாக எழுந்தோம். வழியெல்லாம் சொந்தக்காரர்கள் கை நீட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, இரண்டு போட்டோவுக்கும் நின்று, அவசரமே இல்லாதவர்கள் மாதிரி நடந்தோம். மண்டபத்தின் பின்பக்கக் கழிப்பறைக்குப் போனதும், மனைவி 'பெண்கள்' என்று எழுதியிருந்த பக்கம் திரும்பினாள். நான் இந்தப் பக்கம் திரும்பினேன்.