ஆறு கொம்பு ரவுட்டர்

எனக்கு ரயில் பிடிக்காது. பிடிக்காது என்பது மரியாதைக்குச் சொல்வது. திருத்தணியில் வாழ்க்கைப்பட்டு, சென்னையில் வேலை பார்த்த வருடங்களில், திருப்பதியிலிருந்தே நிரம்பி வரும் காலை வண்டியில் நின்றுகொண்டே போய்வந்தவள் நான். யாருடைய கூடையோ என் கால்மேல் இருக்கும், யாருடைய முழங்கையோ என் விலாவில் இருக்கும். உட்கார்ந்திருப்பவர்கள் என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்வார்கள். அத்தனை வருடத்தில் ஒருவராவது எழுந்து, "நீ உக்காரும்மா" என்று சொன்னதுண்டா? கிடையாது.

அதனால்தான் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி சொன்ன அன்று நான் கேசரி கிளறினேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்சூரன்ஸ் கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற வேலை. கம்ப்யூட்டரும் ஹெட்போனும் கொடுத்தவர்கள் கூடவே ஒரு நிபந்தனையும் கொடுத்தார்கள். வேலை நேரத்தில் லைன் அறுந்தால் ஒரு எச்சரிக்கை வரும். மூன்று எச்சரிக்கை ஆனால் திரும்பவும் ஆபீஸ், திரும்பவும் ரயில். கோடை முடிவதற்குள் எனக்கு இரண்டு வந்துவிட்டன.

குற்றவாளி எங்கள் பழைய வைஃபை பெட்டி. கேபிள்காரர் இலவசமாகக் கொடுத்தது. வெயில் ஏறினால் மயக்கம் போடும். மாமனார் போய் அதன் தலையில் ஓங்கி ஒன்று வைப்பார், எழுந்துகொள்ளும். அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அடித்தால் எழுந்துகொள்வார்கள் என்பது அவருடைய அனுபவம். இரண்டாம் எச்சரிக்கை வந்த அன்று அவர் எத்தனை அடித்தும் அது எழவில்லை.

புது ரவுட்டர் வாங்குவது என்று முடிவானது. முடிவானது என்றால், என் கணவர் போனில் படிக்க ஆரம்பித்தார் என்று அர்த்தம். பள்ளிப்பட்டில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறார். மிக்சி வாங்க வேண்டும் என்றால்கூட, ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதிய அபிப்பிராயங்களை எல்லாம் படித்து முடிப்பார். அதற்குள் அந்த மாடல் கடையிலிருந்தே போய்விடும். இந்தத் தடவை அவர் சீக்கிரமே ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டார். அது மலிவுக் கட்சி.

"நாலு ரூம் வீட்டுக்கு இன்னாத்துக்கு பெருசு? லைனு அதே லைனுதானே? தெருக் கொழாயில வர்ற தண்ணி வர்றதுதான் வரும். பித்தள கொழாய மாட்டினா மட்டும் ஜாஸ்தியா வந்துடுமா?" என்றார்.

நியாயமான பேச்சுதான். ஆனால் ரயிலில் நிற்கப்போவது அவர் கால் இல்லையே. மாமா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் சாயந்திரம் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாம்மா, கடைக்குப் போய் கண்ணால பாத்துட்டு வரலாம்" என்றார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போன், சார்ஜர், கண்ணாடி ஒட்டுவது எல்லாம் செய்கிற கடை. கடைக்காரர் மாமாவிடம் படித்தவர். மாமாவைப் பார்த்ததும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று வெள்ளை, சோப்பு டப்பா அளவு, இரண்டு சின்ன ஆன்டெனா. இன்னொன்று கறுப்பு, புரட்டிப் போட்ட நண்டு மாதிரி, ஆறு கொம்பு. விலையும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. கறுப்பின் விலையில் வெள்ளையை வீட்டுக்கு நாலு வாங்கி மூலைக்கு ஒன்று வைக்கலாம்.

"சார், வெள்ள டப்பா வீட்டுக்குள்ள வேல செய்யும். இது ரோடு வரைக்கும் பாயும். ஆறு கொம்பு வேற, நம்ம ஊருக்குப் பொருத்தம்" என்றார் கடைக்காரர்.

"ரோட்டுல எனக்கு இன்னா வேல?" என்றேன் நான்.

மாமா என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. "ஒரே நேரத்துல எத்தினி போனு இதுல சேரலாம்?"

"நூறு போனு சேந்தாலும் தாங்கும் சார்."

எங்கள் வீட்டில் இருப்பது மூன்று பேர், ஒரு நாய். நான் வெள்ளையைக் கையில் எடுத்தேன். மாமா கறுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுவிட்டார். "இதயே வாங்கிக்கலாம்மா. ஒன் வேலைக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. பாதிப் பணம் என் பென்ஷன்ல போட்டுக்கறேன்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று அவர் வாங்கிக் கொடுத்தது ஒரு குடை. அதையும் பிறகு அவரே தொலைத்தார். வழியெல்லாம் அவரை நினைத்து உருகிக்கொண்டே வந்தேன். கணவர் மட்டும் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நைனா இதுக்கு முன்னாடி எதுக்காவது இவ்ளோ செலவு பண்ணி நான் பாத்ததில்ல" என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ரவுட்டர் நன்றாகவே வேலை செய்தது. லைன் அறவே அறுபடவில்லை. யார் யார் போன் அதில் சேர்ந்திருக்கிறது என்று என் போனிலேயே பார்க்கலாம், வேண்டாததை நிறுத்தலாம், எந்த ஊரிலிருந்தும் பாஸ்வேர்டை மாற்றலாம். அதை என் மேஜைமேல் வைத்திருந்தேன். ஒரு நாள் குளித்துவிட்டு வருவதற்குள் தெருப்பக்கத்து ஜன்னலுக்குப் போய்விட்டிருந்தது. "காத்து வேணும்மா அதுக்கு, இல்லன்னா சூடாவும்" என்றார் மாமா. பழையது சூடாகி மயக்கம் போட்டதை நினைத்து, சரிதான் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஆடிக் கிருத்திகை வந்தது.

எங்கள் வீடு ஸ்டேஷனிலிருந்து மலைக்குப் போகிற வழியில் இருக்கிறது. மாமா குடும்பம் தலைமுறைகளாகச் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் கிருத்திகைக்கு வாசலில் பந்தல் போட்டு மோர் ஊற்றாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு வருடம் புதிதாக வந்த பாஸ்டர் இதைக் கேள்விப்பட்டு விசாரிக்க வந்தார். வெயிலில் நடந்து வந்தவர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, உப்பு கொஞ்சம் கம்மி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. மேலிடத்திலிருந்து ஒருவர் நாங்கள் வேலை செய்வதைக் கூடவே இருந்து பார்க்கும் நாள் அது. தெருவில் ஒரே மஞ்சள், ஒரே பம்பைச் சத்தம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கூட்டத்தில் போன் சிக்னல் வழக்கம்போல் செத்துவிட்டது. வீட்டு லைன் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். தயிர் தீர்ந்துவிட்டது என்று கணவரைக் கடைக்கு அனுப்பினார் மாமா. போனவர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார்.

உச்சி வெயிலுக்குத் திரையில் எல்லாம் மெதுவானது. ஒரு விண்ணப்பம் திறக்க ஒரு யுகம் ஆனது. மேலதிகாரியின் குரல் துண்டு துண்டாக வந்தது. ரவுட்டருக்கு என்ன ஆயிற்று என்று என் போனில் பார்த்தேன். மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திருவிழாவே இருந்தது. 'ஓம் முருகா' என்று ஒரு போன். 'பாவா' என்று ஒரு போன். 'தொடாதே' என்று ஒரு போன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு சேர்ந்தன.

வாசலுக்கு ஓடினேன். பந்தலில் மாமா ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் யாருடைய போனுமாக நின்றிருந்தார். மோர் குடித்தவர்கள் போனை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்க, அவர் ஒவ்வொன்றிலும் ஒற்றை விரலால் எங்கள் பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் நாயின் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று. போனெல்லாம் மோர்.

"மாமா! இன்னா பண்ணிகினு இருக்கீங்க?"

"சிக்னல் இல்லன்னு தவிக்கறாங்கம்மா. மோரு ஊத்தறோம், இத ஊத்தக்கூடாதா?"

"என் லைனு நின்னுகினு இருக்குது! இன்னொரு தடவ கட்டாச்சின்னா நான் ரயில்ல போவணும், தெரியுமில்ல?"

அவர் முகம் மாறிவிட்டது. "கட்டாவுமா? நூறு பேரத் தாங்கும்னு சொன்னானே? திண்டாட்டம் இன்னாம்மா இதுல, லைட்டு எரியுது, பத்து பேரு பாத்தா வெளிச்சம் கொறஞ்சிடுமா?"

அவர் அப்படித்தான் நம்பியிருந்தார். கணவர் சொன்ன தெருக் குழாய்க் கதை அவர் காதில் ஏறவே இல்லை. ரோடு வரை பாய்கிற பெட்டியை எதற்காகக் கக்கத்தில் இடுக்கினார் என்பது எனக்கு அந்த வெயிலில்தான் புரிந்தது. என் வேலைக்காக என்று நான் வழியெல்லாம் உருகிக்கொண்டு வந்தேன் பாருங்கள், அந்த உருக்கத்தை நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் போனை எடுத்து, பட்டியலில் முதலில் இருந்ததை நிறுத்தினேன்.

பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்த ஒரு பெண், "நைனா, நான் இங்க மோரு ஊத்துற ஊட்டுல…" என்பதோடு நின்றாள். போனை உதறினாள், காதில் வைத்தாள், மறுபடி உதறினாள். பிறகு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

"புருஷனத் தொலச்சிட்டா. நகரியில அவ ஊட்டுக்குப் பேசி இங்க இருக்கறேன்னு சொல்லிட்டான்னா, அவனும் எங்கியாவது போயி ஊட்டுக்குப் பேசுவானில்ல, கண்டுபிடிச்சிடலாம்" என்றார் மாமா மெதுவாக. "போன வருஷம் ஒரு பொம்பள இப்பிடித்தாம்மா. பொழுது சாயற வரைக்கும் இதே எடத்துல அழுதுகினு உக்காந்திருந்தா. எனக்கு மோரு ஊத்தறதத் தவிர ஒண்ணும் பண்ண முடியல."

என் கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கோபத்தோடேயே போய் அவள் போனைப் பிடுங்கித் திரும்பச் சேர்த்துக் கொடுத்தேன். அதே கோபத்தோடு சுற்றிலும் பார்த்தபோதுதான், சுவரோரம் நாலு இளவட்டங்கள் வரிசையாக உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. மோர் டம்ளர்கூடக் கையில் இல்லை.

"மாமா, பேசறவங்க பேசட்டும். படம் பாக்கறவன ஏத்தாதீங்க. லைனத் தின்னுறது அவனுங்கதான்."

மாமா சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். ஓய்வு பெற்றும் அது அவரைவிட்டுப் போகவில்லை. ஒரே ஊதல். பம்பைக்காரர்கள்கூட ஒரு நொடி நிறுத்திவிட்டார்கள். "ஆளுக்கு ஒரு டம்ளரு, ஒரு பேச்சு! பேசினவங்க நவுரு! கிரிக்கெட்டு பாக்கறவன் எழுந்திரு!" இளவட்டங்கள் எழுந்த வேகத்தைப் பார்த்தால் அவர்களும் மாமாவிடம் படித்திருப்பார்கள் போல.

நான் உள்ளே ஓடிப் போய் உட்கார்ந்தபோது திரை பறந்தது. விண்ணப்பங்கள் தொட்டதும் திறந்தன. ஆனால் எல்லாம் முடிந்த பிறகு. "மேடம், நீங்க ரொம்ப நேரமா லைன்ல இல்ல. அரோகரா அரோகரான்னு மட்டும் கேட்டுது" என்றார் மேலதிகாரி. சாயந்திரம் மூன்றாம் எச்சரிக்கை வந்தது. கணவர் தயிரோடு வந்து சேர்ந்ததும் அப்போதுதான்.

மாமா அன்று சாப்பிடவில்லை. "லைட்டு மாதிரின்னு நெனச்சிட்டேம்மா. நீ பாஸ்வேர்ட மாத்திடு, எனக்குக்கூட சொல்லாத" என்றார். நானும் வீம்புக்கு நீளமாக, புள்ளி, கோடு, நட்சத்திரம் எல்லாம் வைத்து மாற்றினேன். சொன்னபடி அவருக்குச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை. நூறு போனைத் தாங்குகிற ரவுட்டர் ஒரு போனும் இல்லாமல், நாய் மட்டும் துணையாக ஜன்னலில் இருக்க, நான் பிளாட்பாரத்தில் நின்றேன். வண்டி திருப்பதியிலிருந்து வழக்கம்போல் நிரம்பி வந்தது. ஏறி, பழைய இடுக்கில், பழைய மாதிரி நின்றேன். யாருடைய கூடையோ காலில் ஏறியது. அழுகை வந்தது, அதற்கும் இடமில்லை.

"அக்கா! நீங்க வைஃபை குடுத்த மோரு ஊடு இல்ல?"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளை அடையாளம் கண்டுகொள்ள ஒரு நிமிடம் ஆனது. அந்த நகரிப் பெண். எழுந்தேவிட்டாள். "இங்க உக்காருங்கக்கா, உக்காருங்க."

நான் உட்கார்ந்தேன். அந்த வண்டியில் ஜன்னல் பக்கம் காற்று வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "ஒங்க ஊட்டுக்காரரு கெடச்சாரா?" என்று கேட்டேன்.

"ஆங், கெடச்சாரு. அவரும் எங்கியோ போயி ஊட்டுக்குப் பேசியிருக்காரு. நான் ஒங்க ஊட்டாண்ட அழுதுகினு இருக்கேன், அவரு பஸ் ஸ்டாண்டுல போண்டா தின்னுகினு இருந்தாரு" என்றாள். "நடுவுல ஒரு தடவ கட்டாயிடுச்சில்ல? நீங்கதான் ஓடிவந்து திரும்பப் போட்டுக் குடுத்தீங்க. நான் மறக்க மாட்டேன்க்கா."

கட் செய்ததும் நான்தான் என்று சொல்லவில்லை. சொன்னால் சீட் போய்விடும்.

"அடுத்த வருஷம்கூட இருக்குமாக்கா? என் போனுல ஏத்தி வச்சிகினு இருக்கேன். பாஸ்வேர்டு அதேதானே?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் கூடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருந்த என்னை, அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆங், அதேதான்" என்றேன்.

பிறகு போனை எடுத்து, புள்ளி, கோடு, நட்சத்திரம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நாயின் பெயரையும் ஒன்று இரண்டு மூன்றையும் திரும்பப் போட்டேன். எந்த ஊரிலிருந்தும் மாற்றலாம் என்பது அந்தக் கறுப்புப் பெட்டிக்கு மட்டும் உள்ள வசதி, வெள்ளையில் கிடையாது. அரக்கோணம் வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மாமாவுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை.