நல்ல துண்டாகப் பார்த்து அனுப்பினேன்

1. ஒரே ஒரு விதி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், அரிமளம் பக்கம் இருபது கட்டில் போட்ட ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். லேப் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜன்னல் ஓரம் ஒரு மேஜை, அதன்மேல் ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஸ்பிரிட் விளக்கு. ரத்தமும் மூத்திரமும் அங்கேயே பார்த்துவிடுவேன். சதை பார்க்க வசதி கிடையாது. கர்ப்பப்பையில் சுரண்டி எடுத்தது, அறுத்து எடுத்தது எல்லாவற்றையும் சதை அழுகாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டு, பாட்டில் மூடியை மெழுகால் அடைத்து, மரத்தூள் நிரப்பிய பெட்டியில் வைத்து மதராஸுக்கு அனுப்புவோம். புதுக்கோட்டை வரை பஸ், அப்புறம் ரயில். அங்கே செக்‌ஷன் வெட்டி, சாயம் ஏற்றிப் பார்த்து எழுதும் ரிப்போர்ட் தபாலில் வந்து சேர மூன்று வாரம் ஆகும்.

முதல் நாள் டாக்டரம்மா என்னிடம் ஒரே ஒரு விதிதான் சொன்னார்.

"செல்லையா, ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்து எது வந்தாலும் பாட்டில்ல போட்டு அனுப்புங்க. எது முக்கியம், எது முக்கியமில்லைன்னு நீங்க முடிவு பண்ண வேண்டாம்."

நாலு வருஷம் நான் எதையும் முடிவு பண்ணவில்லை. ஐந்தாவது வருஷம் பண்ணினேன்.

2. வெள்ளையம்மாள்

ஆலங்குடிக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். கடலையும் முந்திரியும் போடுகிற குடும்பம். வயது ஐம்பதுக்குக் கிட்டே. தீட்டு நின்று இரண்டு வருஷம் கழித்து மறுபடி ரத்தம் போக ஆரம்பித்திருந்தது. அடிவயிறும் கொஞ்ச நாளில் நன்றாக மேடிட்டுவிட்டது.

"திரும்ப வயசுக்கு வந்துட்டியான்னு எங்க வீட்டுக்காரரு கேலி பண்ணுனாருங்க. மொதல்ல நானும் சிரிச்சேன்" என்று டாக்டரம்மாவிடம் சொன்னார். வீட்டுக்காரர் கருப்பையா பக்கத்தில்தான் நின்றார். அவர் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா முதலில் சுரண்டி எடுத்து அனுப்பினார். புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. டாக்டரம்மாவுக்கு இல்லை.

"சுரண்டுனா உள்தோல்தான் வரும். இவங்களுக்குக் கட்டி இருக்கறது தசைக்குள்ள. சுவருக்குள்ள கரையான் இருந்தா, வெள்ளையடிச்சதைச் சுரண்டிப் பார்த்து என்ன தெரியும்?"

ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். பெரிய பூசணிக்காய் அளவு. டாக்டரம்மா அதைத் தட்டில் வைத்துப் பிளந்து பார்த்தார். சாதாரண ஃபைப்ராய்டு, அதாவது புற்றில்லாத தசைக் கட்டி, நூல்கண்டு மாதிரி வெள்ளையாக, சுழி சுழியாக, கெட்டியாக இருக்கும். இதிலும் அப்படி இரண்டு மூன்று இருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு பக்கம் மட்டும் சாம்பல் நிறத்தில், கொழகொழவென்று, ரத்தம் கட்டிப்போய்க் கிடந்தது. "இதை முழுசா அனுப்புங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிரசவ வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். அவர் ஓடினார்.

3. நான் செய்தது

எங்களிடம் இருந்த பாட்டிலுக்கு வாய் சிறிது. பூசணிக்காய் அதில் போகாது. பெரிய பீங்கான் ஜாடி ஒன்று இருந்தது. அதை ரயிலில் அனுப்பினால் மதராஸுக்குச் சில்லுகள்தான் போய்ச் சேரும். ஆகவே வெட்டி, கொள்கிற அளவுக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்தேன்.

எந்தப் பகுதியை அனுப்புவது? எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர் வீட்டுக்கு எதைக் கொடுத்தனுப்பினாலும் நல்லதாகப் பார்த்துப் பொறுக்குவோம். அழுகினதை அனுப்பினால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? பெரிய டாக்டர்கள் பார்க்கிற இடத்துக்குக் கொழகொழத்த சதையை அனுப்பினால், இந்த ஆஸ்பத்திரியில் ஃபார்மலின்கூடச் சரியாக ஊற்றத் தெரியாது என்று சொல்லிவிடுவார்கள். வெள்ளையாக, கெட்டியாக இருந்ததில் அழகான துண்டுகளாக நான்கு எடுத்துப் பாட்டிலில் போட்டேன். லேபிளையும் நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

மிச்சத்தைக் கருப்பையா கேட்டார். பிரசவத்தில் விழும் நஞ்சுக்கொடியை வீட்டார் வாங்கிப்போய்ப் புதைப்பது வழக்கம். உயிரோடு இருக்கிற மனுஷியின் உடம்பில் இருந்தது நாய் நரி வாயில் படக் கூடாது என்பார்கள். ஆஸ்பத்திரியிலும் கொடுத்துவிடுவார்கள். ஆனால் வெயிலில், ஆலங்குடி பஸ்ஸில், அந்த வாடையோடு கண்டக்டர் ஏற்ற மாட்டார். அதனால் பீங்கான் ஜாடியில் போட்டு, மீதி இருந்த ஃபார்மலினை முழுக்க ஊற்றி, வாயைத் துணியும் மெழுகும் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். நான் அந்த வாரம் செய்த புத்திசாலித்தனம் அது ஒன்றுதான். அதுவும் கண்டக்டருக்குப் பயந்து செய்தது.

4. மிஸ்டர் செல்லையா

மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. சாதாரண தசைக் கட்டி, புற்று இல்லை. வெள்ளையம்மாள் அதற்குள் ஊருக்குப் போய்விட்டார். டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தார்.

"மீன் சதை மாதிரி ஒரு எடம் இருந்துச்சே. அதைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே?"

நான் சொன்னேன். அழுகினதை எப்படி அனுப்புவது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவருக்குக் கோபம் வந்தால் மட்டும் என்னை மிஸ்டர் போட்டுக் கூப்பிடுவார். "மிஸ்டர் செல்லையா, நூறு கட்டி எடுத்தா நூறும் சாதுவாத்தான் இருக்கும். எப்பவோ ஒண்ணுதான் ஸார்கோமா, தசையில வர்ற புற்று. அது அழகாவா இருக்கும்? நல்லா இருக்கறதை அனுப்பி நல்லா இருக்குன்னு பதில் வாங்கியிருக்கீங்க. அது ஸார்கோமாவா இருந்தா இன்னொரு ஆபரேஷன் வேணும், கதிர் காட்டிக் கரண்ட் வைக்கணும், நுரையீரலுக்குப் பரவுதான்னு நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துக்கிட்டே இருக்கணும். இல்லைன்னா ஒண்ணும் வேண்டாம். எதுன்னு அந்தம்மாகிட்ட நான் எதை வச்சுச் சொல்றது?"

வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு பெண்ணின் உயிரை நான் கத்தியால் வெட்டி ஒதுக்கிவிட்டேன் என்பதுதான் தாங்கவில்லை. ஜாடியைப் பற்றிச் சொன்னேன். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

5. முந்திரிக்கொல்லை

நான் அவர்கள் ஊருக்குப் போய், முந்திரிக்கொல்லையில் புதைத்திருந்த ஜாடியைத் தோண்டித் தரக் கேட்டேன். கருப்பையா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"பொதச்சதத் தோண்டக் கூடாதுங்க. அவ ஒடம்புல இருந்தது. தோண்டுனா அவளுக்கே ஆவாது. அவ இப்பத்தான் எந்திருச்சு நடக்குறா."

ஆஸ்பத்திரி உத்தரவு என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போது அப்படித்தான் யோசித்து வைத்திருந்தேன். வெள்ளையம்மாள் வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பொய் வரவில்லை.

"அக்கா, தப்பு எம்மேல. நல்லா இருந்த துண்ட மட்டும் அனுப்பிட்டேன். கெட்டுப்போன மாதிரி இருந்தத ஜாடில போட்டுட்டேன். அதப் பார்த்தாத்தான் ஒங்களுக்கு என்னன்னு தெரியும்."

அவர் கையில் இருந்த கடலையை உரித்து முடித்தார்.

"அதுல கெட்ட வியாதி இருந்தா, எனக்குத் தெரியாமப் போனா, என்னாகும் தம்பி?"

"வளரும் அக்கா."

அவர் எழுந்து, சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்தார். வீட்டுக்காரர் தடுக்கப் போனார்.

"நீங்க தோண்டுனாத்தான குத்தம்? என் வயித்துல இருந்தத நானே எடுத்துக்கிடுறேன். அங்கிட்டுத் தள்ளுங்க."

ஆபரேஷன் ஆனவர் மண்வெட்டி பிடிக்கக் கூடாது என்று நான் சொன்னேன். முதல் வெட்டை மட்டும் அவர் போட்டார். மீதியை நான் வெட்டினேன். கடைசியில் ஜாடியைத் தூக்கி வெளியே வைத்தவர் கருப்பையா. துணியும் மெழுகும் அப்படியே இருந்தன. திரும்பும்போது பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். என்ன ஊறுகாய் என்று கண்டக்டர் கேட்டார்.

6. கொய்யாப்பழம்

இந்தத் தடவை ஜாடியை ரயிலில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் லியோமயோஸார்கோமா என்று இருந்தது, டாக்டரம்மா பயந்த அதே தசைப் புற்று. நான் வேலை பார்த்த முப்பத்து மூன்று வருஷத்தில் அந்த வார்த்தையை இரண்டே தடவைதான் படித்தேன். வெள்ளையம்மாளுக்கு மதராஸில் இன்னொரு ஆபரேஷன் செய்து, கரண்டும் வைத்தார்கள். நான் வீணடித்த ஒரு மாதத்தால் கெடுதல் உண்டா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தெரியாது செல்லையா" என்றார். ஆறுதலுக்காகப் பொய் சொல்கிறவர் இல்லை அவர்.

அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வெள்ளையம்மாள் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப் புதுக்கோட்டைக்கு வந்துவிட்டு, எங்களிடமும் வருவார். டாக்டரம்மாவுக்கு ஒரு பை நிறையக் கொய்யா. எனக்குத் தனியாக ஒரே ஒரு பழம், அடிபட்டதாக, அணில் கடித்ததாக.

"தம்பி, ஒங்களுக்குன்னு கெட்டுப்போனதாப் பாத்து எடுத்தாந்தேன். இதையும் ஒதுக்கிப்புடாதீங்க."

வார்டே சிரிக்கும். நான் அதை அங்கேயே நின்று தின்று முடிக்க வேண்டும். ஐந்து வருஷம் அப்படித் தின்றேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் சொன்னது இதைத்தான்: பாட்டில் சிறிதாக இருந்தால் இன்னொரு பாட்டில் கேள். அதுவும் இல்லையென்றால், பார்க்கச் சகிக்காத துண்டை முதலில் போடு. நோய் இருப்பது அங்கேதான்.

ஆறாவது வருஷம் எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது. அதற்கு அடுத்த தடவை கருப்பையா தனியாக வந்தார். இரண்டு பேருக்கும் பழம் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள், அவள் சாகும்முன் கடைசியாகச் சொன்னது அதுதான் என்று சொல்லி, டாக்டரம்மாவிடம் ஒரு பையும் என்னிடம் ஒரு பையும் கொடுத்தார். என் பையைப் பிரித்துப் பார்த்தேன். கருப்பையாவுக்கு அந்தக் கேலி தெரியாது. எல்லாம் நல்ல பழமாகவே இருந்தன.