அறுபத்தெட்டுச் சாக்கு மணல்

2024 மார்ச் ஒன்பது, சனிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். வானம் தெளிவாக இருந்தது. ஹந்தானை உச்சியில் மட்டும் கொஞ்சம் பனிமூட்டம். அந்த நேரத்தில்தான் அலவத்துகொடையிலிருந்து வந்த லொறி ஒரு கியூப், அதாவது நூறு கன அடி மணலை எங்கள் முற்றத்தில் கொட்டியது.

வீட்டுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறது. முந்திய வருட மழையில் அது சமையலறைப் பக்கமாக ஒன்றரை அடி இறங்கியிருந்தது. முளையடித்து அளந்து வைத்திருந்ததால் எனக்குத் தெரியும். அடுத்த மழைக்கு முன் தாங்குசுவர் எழும்பாவிட்டால் சமையலறை போய்விடும்.

எதிர்வளவில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மணல் முடிகிற நேரத்தில் என்னுடையது வந்து இறங்கியது எனக்குப் பிடிக்கவில்லை; இரவில் அள்ளிவிடுவார்கள். பஸ் ஏறி வத்தேகம சந்தைக்குப் போய், பழைய சாக்கு அறுபத்தெட்டு வாங்கிவந்தேன். ஒன்று ஐம்பது ரூபாய். தவிடு வந்த சாக்கு என்றார் கடைக்காரர். ஓர் ஆளைப் பிடித்து மணலை அள்ளிப் போட்டு, விறாந்தையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் எழுதினேன். சாக்குக்கு அடங்காத மணல் முற்றத்து மூலையில், மழை படாமல் மூடிய படங்கின் கீழ் கிடந்தது.

"முப்பத்திநாலு வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்து பிள்ளைகளைப் பேர் கூப்பிட்டு இடாப்பு எடுத்தது போதலையா?" என்றாள் மனைவி. "இப்ப மணலுக்குமா?"

கலஹாவிலிருந்து சுவர் கட்ட வந்த மேசன் பாஸ் சாக்கு மணலைக் கொண்டு நான்கு கொங்கிரீட் தூண்களை எழுப்பினார். ஐந்தாவது தூணுக்காக இருபத்துமூன்றாம் சாக்கை நானே கவிழ்த்தேன். அடியிலிருந்து வந்த மணலில் வெள்ளையாக ஏதோ மின்னியது. சிப்பித்துண்டு.

ஒரு டின்பால் டின் நிறைய அள்ளி, கடதாசியில் பரப்பி எண்ணினேன். முப்பத்தேழு. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. கடல் மணல் என்று முடிவு கட்டினேன். உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். வெளியே சுவர் நன்றாகத்தான் தெரியும், ஒருநாள் மேட்டோடு சேர்ந்து வந்து சமையலறையில் விழும்.

லொறிக்காரரைக் கூப்பிட்டேன். அன்று பின்னேரமே வந்தார். பதினொரு வருடப் பழக்கம்.

"சேர், அல்லாஹ் மேல ஆணையாச் சொல்றேன், இது மகாவலி மண். எங்கட வாப்பா அள்ளின அதே தொறையிலதான் நானும் அள்றேன்."

"ஆத்துல சிப்பி விளையுதா?"

"அதான் எனக்கும் வெளங்கல்ல சேர்."

விளங்கவில்லை என்று அவர் அமைதியாகச் சொன்னதுதான் என் சந்தேகத்தைக் கூட்டியது. குற்றமில்லாதவன் கோபப்பட வேண்டாமா? சந்தியிலுள்ள ஹார்ட்வெயார் கடையில் விஷயத்தைச் சொல்லிவைத்தேன். அந்தக் கடை அவரிடம் வாங்கவிருந்த இரண்டு லோட் மணலை நிறுத்திக்கொண்டது.

எங்கள் ஒழுங்கையின் அடியில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் வாடகைக்கு இருந்தார். பேராதனையில் விரிவுரையாளர். விரிகுடாக்களின் அடியிலிருந்து சேறு கொண்டுவந்து, அரித்து, அதில் உள்ள உயிர்களைப் பார்ப்பது அவருடைய வேலை. வாளி வாளியாக வந்த நாற்றத்தை வைத்து அவரைப் பற்றியும் முன்பு எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதை இங்கே எழுதவில்லை. இருபத்துமூன்றாம் சாக்கிலிருந்து இரண்டு டின் மணலை நிறுத்து, நிறையைக் குறித்துக்கொண்டு அவரிடம் கொடுத்தேன்.

"நாலு நாள் பொறுங்கோ ஐயா" என்றார்.

இரண்டாம் நாள் மத்தியானம் வானம் கறுத்தது. இனிக் காத்திருந்தால் மழை முந்திவிடும். தூண்களை உடைத்துவிட்டு வேறு மணலில் தொடங்கலாம் என்று பாஸிடம் சொன்னேன்.

"அந்தம்மா சொல்ற வரைக்கும் பொறுத்துக்கங்க ஐயா. தூணு கல்லு மாதிரி நிக்குது."

உடைப்பதற்கும் கூலி, கட்டுவதற்கும் கூலி. இரண்டையும் வேண்டாம் என்கிற மனிதரை நான் நம்பவில்லை. லொறிக்காரரோடு கூட்டு என்று நினைத்தேன். அன்றைக்கே நான்கையும் உடைக்க வைத்தேன். மழை தூறலோடு நின்றுவிட்டது.

நாலாம் நாள் போனபோது அந்தப் பெண் மேசையில் இரண்டு தட்டுகள் வைத்திருந்தார். ஒன்றில் மணல், மற்றதில் சிப்பி.

"உப்பு இல்லை ஐயா. பாத்திட்டன்."

"கழுவி வித்திருக்கலாம்."

"ஓம், கழுவலாம். அதாலதான் சிப்பியையும் பாத்தனான். எத்தினை எண்ணினீங்கள்?"

"ஒரு டின்னுக்கு முப்பத்தேழு."

"எத்தினை வகை?"

நான் அதை எண்ணியிருக்கவில்லை.

"ரெண்டே ரெண்டு வகை" என்றார். "கடலடியில மண் எப்பிடியோ, அதுக்கேத்த உயிர்தான் அதில இருக்கும். பருமணலுக்க புதையிறது ஒரு கூட்டம், கடல்புல்லு முளைக்கிற மண்ணில இன்னொரு கூட்டம், மெல்லிய சேத்துக்க வேறொரு கூட்டம். நல்ல விரிகுடா மண்ணெண்டால் ஒரு பிடியிலயே எத்தினையோ வகை கிடக்கும். ஊர்க்கழிவு வந்து மூச்சடைச்ச கறுப்புச் சேத்தில ஒரே ஒரு வகைப் புழு மட்டும் ஆயிரக்கணக்கில நெளியும். அதை எண்ணிப்போட்டு, நிறைய இருக்கு, நல்ல இடம் எண்டு சொல்ல ஏலாது."

அவர் மணல் தட்டை என் பக்கம் தள்ளினார். மணி ஒவ்வொன்றும் பெரிதாக, மூலை கூராக இருந்தது. "இது ஆத்து மணல். இந்தச் சிப்பி ரெண்டும் சேத்துக்க சீவிக்கிறது. இவ்வளவு பருமணலில அதால இருக்கவே ஏலாது. மணலும் சிப்பியும் ஒரு இடத்தில கிடந்ததில்லை ஐயா, பிறகுதான் சேந்திருக்கு." ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். "விளிம்பைப் பாருங்கோ. அலை தேய்ச்சிருந்தால் மழுங்கியிருக்கும். இது மெஷினில உடைச்சது, கோழித்தீனுக்குப் போடுறது. நீங்கள் கோழி வளக்கிறனீங்களோ?"

"இல்லை."

அவரையும் லொறிக்காரர் வந்து பார்த்திருப்பாரோ என்ற எண்ணம் எழுந்தது. அதோடுதான் வீட்டுக்கு நடந்தேன்.

முற்றத்து மூலையில் படங்கைத் தூக்கி, சாக்குக்குள் போகாத மணலை அதே டின்னால் அள்ளி, கடதாசியில் பரப்பினேன். ஒன்றுமில்லை. இன்னொரு டின். ஒன்றுமில்லை. ஐந்து டின் பார்த்தேன். பிறகு விறாந்தைக்குப் போய் ஒரு வெறும் சாக்கைப் புரட்டினேன். தையல் மடிப்பு முழுக்கச் சிப்பித்துண்டு. தவிடு வந்த சாக்கு அல்ல, கோழித்தீன் வந்த சாக்கு. நாக்கில் கரித்தது அன்று என் கையில் இருந்த வியர்வையாகத்தான் இருக்கவேண்டும்.

மாலையில் அந்தப் பெண்ணிடம் ஓடிப்போய், அந்தளவு சிப்பி தூணுக்குக் கெடுதல் செய்திருக்குமா என்று கேட்டேன்.

"ஒண்டும் செய்யாது ஐயா" என்றார்.

மனைவி உடைந்த கொங்கிரீட் குவியலைப் பார்த்தாள். "சாக்கு வாங்காம இருந்திருந்தா எதிர்வீட்டுக்காரன் ரெண்டு வாளி அள்ளியிருப்பான். அவ்வளவுதானே?"

ஹார்ட்வெயார் கடைக்குப் போய், ஆட்கள் நின்ற நேரம் பார்த்து, பிழை என்னுடையது என்று சொன்னேன். லொறிக்காரருக்கும் போன் எடுத்தேன். இன்னொரு அரைக் கியூப் தேவைப்பட்டது. மறுநாள் கொண்டுவந்து கொட்டினார். மன்னிப்புக் கேட்டேன். கடையில் கைவிட்டுப் போன இரண்டு லோட்டுக்கும் நட்டத்தைத் தருகிறேன் என்றேன்.

"அது வேணாம் சேர். மண்ணுட காச மட்டும் தாங்க." லொறியின் பின்கதவைக் கொளுவிவிட்டுச் சொன்னார்: "இந்த மொறை சாக்கு வேணுமெண்டா எங்கட ஊட்லயும் இருக்கு. தவிட்டுச் சாக்குத்தான்."

பாஸ் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தவிட்டுச் சாக்குத்தானா என்றுதான் யோசித்தேன்.

சுவர் மழைக்கு எட்டு நாள் முன்பாக முடிந்தது. மேடு இதுவரை இறங்கவில்லை. முளை அப்படியே இருக்கிறது. நான்கு தூண்களை உடைத்து மறுபடி எழுப்பியதில், சாக்குகளுக்குக் கொடுத்த மூவாயிரத்து நானூறையும் சேர்த்து, எனக்குப் போனது ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய்.