மூன்றாவது பெஞ்சில் யார்?

ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குச் சபையார் வைத்த பெயர் கூலிங். ஆளோ தொட்டதற்கெல்லாம் கொதிப்பவர். ஞாயிறு ஆராதனையை நேரலையில் காட்ட வேண்டும், ஆனால் கையில் காசில்லையே என்று போதகர் இழுத்தபோது, "சும்மா கிடக்குற சாமானெல்லாம் எங்கிட்ட குடுங்க" என்று வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார். சபைப் பற்று என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். வீட்டில் அக்கா படுத்த படுக்கை. தனக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டாமென்று தம்பியை ஆளாக்கியவள். இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனதிலிருந்து, கோயிலைக் கண்ணால் பார்த்தால் போதும் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை விட்டால் அவருக்கு வேறு நாதியில்லை.

கண்ணாடி விரிசல் விட்ட ஒரு போன்தான் கேமரா. பழைய ஃபிரிட்ஜின் கம்பித் தட்டை வளைத்துத் தூணில் மாட்டி, போனை அதில் கட்டினார். மூடி நிற்காத லேப்டாப்புக்குப் பாட்டுப் புத்தகங்கள் முட்டு.

"பிச்சைக்காரன் சட்டை மாதிரி இருக்கே," என்றார் போதகர்.

"மானத்த மறைக்குதுல்ல?" என்றார் கூலிங்.

சனிக்கிழமை மாலைகளில் சோதனை. காலிக் கோயிலில் இவர் நிற்பார். அக்கா வீட்டில் ஒரு போனில் படத்தைப் பார்த்து, இன்னொன்றில் குறை சொல்வாள். படம் அவளிடம் போய்ச் சேர அரை நிமிடம் பிந்தும்.

"கொஞ்சம் கீழ இறக்கு. ஆங், சரி. மூணாவது பெஞ்சுல யாருடா?"

திரும்பிப் பார்த்தார். பெஞ்சு காலி.

"யாருமில்லக்கா."

"எனக்குக் காலுதான் போச்சு, கண்ணு போகல. வெள்ளைச் சேலை. முதுகு தெரியுது."

லென்ஸைத் துடைத்தார், ஜன்னலை மூடினார். லேப்டாப்பில் வெறும் பெஞ்சுதான் தெரிந்தது. அக்காவின் குரல் நடுங்கியது. புத்தி தடுமாறுகிறதோ என்று நினைத்தார். அவள் பயப்படக் கூடாதே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"அட, கூட்டுற அம்மாக்கா. நான் கவனிக்கல. தங்கமான மனுஷி."

அக்கா நிம்மதியானாள். அந்தக் கோயிலைக் கூட்டுவது கூலிங்கேதான்.

பொய்க்குக் கால் கிடையாது என்பார்கள். இந்தப் பொய் எழுந்து நடந்தது. அடுத்தடுத்த வாரங்களில் அக்காவே பேச்செடுத்தாள். "கூட்டுற அம்மா இன்னிக்கு முன் பெஞ்சுல உக்காந்துட்டாங்க." பிறகொரு நாள், "திரும்பி என்னையே பாக்குறாங்கடா. சிரிச்ச முகம். பாவம், ஒண்டிக்கட்டை போல." கூலிங்குக்கு உடம்பு சில்லிட்டது. ஒயரைச் சரிபார்க்கும் சாக்கில் வாசலருகே போய் நின்றுகொள்வார். சோதனையை நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாரம் முழுக்க அக்கா வாய்விட்டுப் பேசுவது அந்த நேரத்தில் மட்டும்தான்.

கடைசிச் சனிக்கிழமை அவள் சொன்னாள்: "எழுந்துட்டாங்கடா. உன்னைத் தாண்டி வெளிய போறாங்க."

அப்படியானால் அது அரை நிமிடத்துக்கு முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும். அவர் வாசலில்தான் நின்றிருந்தார். போனில், வீட்டுக் கதவு தட்டப்படும் ஓசை கேட்டது.

"யாருக்கா அது? உள்ள வரச் சொல்லாத."

"நம்ம கூட்டுற அம்மாதான்டா. தங்கமான மனுஷின்னு நீதானே சொன்னே? வாங்க, கதவு சும்மாதான் சாத்தியிருக்கு."

"அக்கா, நான் பொய் சொன்னேன். அப்படி ஒருத்தங்களே கிடையாது."

அவள் அதற்குள் போனை வைத்துவிட்டிருந்தாள்.

செருப்புகூடப் போடாமல் ஓடினார். வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. அக்கா தலையணையில் சாய்ந்திருந்தாள். உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை. வந்தவரை உபசரிக்கும் முகம். மூலையில் கிடந்த நாற்காலி கட்டிலருகே இழுத்துப் போடப்பட்டிருந்தது.

டாக்டர் மாரடைப்பு என்றார். நாற்காலியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போதும் சனிக்கிழமை மாலை கேமராவை ஓடவிட்டு, கோயிலைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அக்காவின் கட்டிலில் படுத்து, போனைக் கண்ணருகே பிடித்துப் பெஞ்சு பெஞ்சாகத் தேடுவார். யாருக்குப் பயந்து வாசலில் போய் நின்றாரோ அவள் வந்து உட்கார மாட்டாளா, பக்கத்தில் அக்காவையும் உட்கார வைத்திருக்க மாட்டாளா என்று ஏங்குவார். பெஞ்சுகள் காலியாகவே இருக்கும். எழுந்து போய் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, மறுபடி வந்து படுத்துப் பார்ப்பார்.