ஓரகத்தியின் லென்ஸ்

கேமராவை முதலில் வாங்கியது நான்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் இதை எப்படியாவது பேச்சில் நுழைத்துவிடுவேன்.

முதலியார்பேட்டையில் எங்களுடையது மாடி வீடு. கீழே நானும் கணவரும், நான் அத்தை என்று கூப்பிடும் மாமியாரும். மேலே கணவரின் அண்ணனும் அண்ணியும். அந்த அண்ணிதான் என் ஓரகத்தி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். உப்பளத்தில் ஓர் ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறேன். ஒரு தீபாவளிக்குக் கிடைத்த போனஸில் அந்தக் கேமராவை வாங்கினேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று விற்கிற சாதாரண மாடல். கூடவே ஒரு சின்ன லென்ஸ் வந்தது. வாசல் கோலம், கொடியில் காயும் புடவை, மீன் அறுக்கும் அத்தையின் கை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன். கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "நல்லாத்தான் இருக்குது. நானும் ஒண்ணு வாங்கிக்கறேன்" என்றாள். அதே மாடலை வாங்கினாள். எப்படிப் பிடிக்க வேண்டும், எதைத் திருக வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அப்போது எனக்கு அவள்மேல் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் பெருமையாக இருந்தது.

தேங்காய்த்திட்டுத் துறைமுகம் பக்கத்தில் என்பதால் எங்கள் தெருவுக்கு மேலே எந்நேரமும் செம்பருந்து சுற்றும். வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு. அத்தை அதைக் கருடன் என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அந்த வருடம் பின்மனையில் இருக்கும் தென்னைமரத்தில் ஒரு ஜோடி கூடு கட்டியது. எங்கள் மொட்டைமாடியில் நின்றால் கூடு நேராகத் தெரியும். காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் நான் மாடியேறிப் படம் எடுப்பேன். சின்ன லென்ஸில் தென்னைமரம் முழுதாக விழும். மட்டைகளுக்கு நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி. அதைப் பெரிதாக்கினால் பெரிய பழுப்புப் புள்ளி.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் அண்ணன் பிரான்சிலிருந்து லீவில் வந்தார். அக்காவின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட வீட்டைச் சொல்தா வீடு என்பார்கள். அண்ணன் வருகிறார் என்றால் சாக்லேட்டும் சென்ட்டும் எங்களுக்கும் வரும். இந்த முறை அவற்றோடு அக்காவுக்கு மட்டும் ஒரு நீளமான டப்பா வந்தது. உள்ளே தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டுகிற ஜூம் லென்ஸ். எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு இருநூற்றைம்பது என்று அதன் கழுத்தில் எழுதியிருந்தது.

மறுநாள் காலை அக்கா ஒரே ஒரு படத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டாள். கூட்டின் விளிம்பில் கருடன். அதன் கண்ணில் இருந்த ஒளிப்பொட்டுகூடத் தெரிந்தது. காலில் பாதி மீன். சேதராப்பட்டில் ஷிப்ட் முடித்து வந்த என் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். பிறகு, "அண்ணி பின்னிட்டாங்க" என்றார். நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அக்காவிடம் குறை சொல்ல வழியே இல்லை. அதுதான் என் கஷ்டம். அவளே அந்த லென்ஸை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். "இந்தா, ஒரு வாரம் நீ வெச்சி எடு. என் கேமராவுல போடுறது உன்னுதுலயும் போடும்" என்றாள்.

"வேணாங்க்கா. எனக்கு இந்தப் பறவையெல்லாம் அவ்ளோ இஷ்டமில்ல" என்றேன்.

தினமும் காலையில் மொட்டைமாடியில் நிற்கிறவள் சொல்கிற பேச்சா இது? அக்கா லென்ஸை மேலே கொண்டுபோய்விட்டாள். அடுத்த வாரம் குஞ்சு பொரித்தது. அதையும் அவள்தான் எடுத்தாள். இரண்டு வெள்ளைப் பஞ்சு உருண்டைகளுக்கு நடுவே வளைந்த மூக்கு. அந்தப் படத்துக்கு விரலால் ஒரு இதயத்தைத் தட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் பஸ்ஸில், சாப்பாட்டு நேரத்தில், குக்கர் விசில் வருவதற்குள் எல்லாம் லென்ஸ் பற்றியே படித்தேன். என் கைக்கு அடங்கும் விலையில் இரண்டு வகைதான் இருந்தன. ஒன்று முந்நூறு வரை இழுக்கும், விலை குறைவு. ஆனால் கை நடுக்கத்தைத் தாங்கிக்கொள்ளும் வசதி அதில் கிடையாது. இன்னொன்று இருநூற்றைம்பதுதான், அந்த வசதி உண்டு. எழுதியவர்கள் அத்தனை பேரும் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது என்றார்கள். நான் முதலாவதை வாங்குவதென்று முடிவு செய்தேன். அக்காவுடையதைவிட ஐம்பது கூட. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கணவரின் பைக்கில் நேரு வீதிக்குப் போனோம். கேமரா கடைக்கு எதிரே ஜூஸ் கடை. "நீ பாரு, நான் இங்க நிக்கிறேன்" என்று அவர் அங்கேயே நின்றுவிட்டார். கேமரா கடைக்காரர் முந்நூறை எடுத்து வைத்தார். "நம்பரும் பெருசு மேடம், ரேட்டும் கம்மி. யோசிக்கவே வேணாம்" என்றார். யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய இருநூற்றைம்பது ஒன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதையும் எடுக்கச் சொன்னேன். கடற்கரை ஊரில் பழைய லென்ஸ் வாங்கினால் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று படித்திருந்தேன். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

முதலில் முந்நூறை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதிரே என் கணவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் வந்து நின்ற ஜூஸ் கடைக்காரருக்குப் போனில் எதையோ காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் இறங்கிவிட்டிருந்தது. அவரையே எடுத்தேன். கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் சட்டைக் கோடுகள் தண்ணீரில் நனைந்த மாதிரி கலைந்திருந்தன. திரும்ப எடுத்தேன். அப்படியேதான். பிறகு பழைய இருநூற்றைம்பதை மாட்டி, அதே இடத்தில் நின்று, அதே முதுகை எடுத்தேன்.

இந்த முறை சட்டைத் தையல் தெரிந்தது. தோளுக்கு மேலே நீட்டியிருந்த போனும் தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினேன். போன் திரையில் வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு, காலில் பாதி மீன்.

"எப்டி மேடம் இருக்கு?" என்றார் கடைக்காரர்.

"சுத்தமாத் தெரியுது" என்றேன்.

அதையே வாங்கிக்கொண்டேன். முந்நூறை அவர் இன்னொரு முறை என் பக்கம் நகர்த்தினார். நான் அதைப் பார்க்கவே இல்லை.

திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது கேட்டேன். "ஜூஸ் கடைல யார் எடுத்த படம் காட்டிக்கிட்டு இருந்தீங்க?"

"அண்ணியோட கருடன். அந்தாளு நம்பவே மாட்டேன்றான், நம்ம வீட்டு மாடிலேந்து எடுத்ததுன்னு."

"நான் எடுத்த படத்த எப்பவாச்சும் யாருக்காவது காட்டியிருக்கீங்களா?"

அவர் பாதி திரும்பினார். "நீ எங்க எனக்கு அனுப்புன? எடுக்கற, பாக்கற, அழிக்கற. நான் எதக் காட்டுறது?"

சிக்னல் விழுந்தது. அவர் சொன்னது சரிதான். ஆனால் சரியாக இருந்ததால் கோபம் குறையவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறியது. அனுப்பாவிட்டால் கேட்டு வாங்கிக் காட்டக்கூடாதா என்று வீடு வரும்வரை மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

ஞாயிறு காலை நான் மாடியேறியபோது அக்கா அங்கே இருந்தாள். மறைக்க முடியாத அளவுக்கு நீளமாக என் கையில் லென்ஸ் இருந்தது. வாங்கிப் பார்த்தாள். "என்னுது மாதிரியேதானே? இதுக்கா காசு போட்ட? நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணு போதாதா" என்றாள். அவள் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடைல மாட்டிப் பாத்தியா? எத்தினி பாத்த?" என்று கேட்டாள். சொன்னேன். "எனக்கும் அப்டி ஒரு கடைக்குப் போயி பாத்து வாங்கணும்னு ஆசதான். எங்கண்ணன் எதையும் கேக்க மாட்டான். பெட்டியத் தொறந்து குடுத்துட்டு, எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிப்பான்" என்றாள்.

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். என்மேல் அவளுக்கும் பொறாமைப்பட ஒன்று இருக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் இனித்தது. ஆனால் அந்த இனிப்பு நாக்கில் நிற்பதற்குள் அவள் கூட்டைப் பார்த்துக் கேமராவைத் தூக்கிவிட்டாள். நானும் தூக்கினேன்.

குஞ்சுகளில் ஒன்று இறக்கையை விரித்து மட்டைமேல் நின்றது. மற்றது அதை இடித்துக்கொண்டு முன்னால் வரப் பார்த்தது. இரண்டு கேமராவும் சேர்ந்து சடசடவென்று சத்தம் போட்டன. அன்று நான் எதையும் அழிக்கவில்லை. கணவருக்கு ஒன்று அனுப்பினேன்: இறக்கை விரித்த குஞ்சும், அதற்குக் கீழே அண்ணாந்து வாயைத் திறந்திருக்கும் குஞ்சும். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். இப்போதும் அதுதான்.

அவர் அதைச் சமையலறையில் அத்தையிடம் காட்டினார். அத்தை வெங்காயம் அரிந்த கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "பெரியவ எடுத்தா எடுத்ததுதான். கையே தனி" என்றார்.

கணவர் வாயைத் திறப்பதற்குள், வெங்காயம் கேட்டுக் கீழே வந்திருந்த அக்கா குனிந்து போனைப் பார்த்தாள். "ஐயோ அத்த, இது நான் எடுத்ததில்ல. சின்னவ எடுத்தது. எனக்கு ரெண்டாவது குஞ்சு படத்துல வுழவேயில்ல" என்றாள்.

அத்தை என்னைப் பார்த்து, "அப்பிடியா?" என்றார். பிறகு இன்னொரு முறை படத்தைப் பார்த்து, "நல்லாருக்கும்மா" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அது என் படம் என்பதைக்கூட அக்காதான் சொல்ல வேண்டியிருந்தது.