பரண் மேல் இருந்த வெள்ளை மாவு

விற்ற வீட்டை எவ்வளவு சுத்தம் செய்து கொடுக்க வேண்டும் என்பதற்கு எங்கள் தெருவில் ஆளுக்கொரு சட்டம் வைத்திருந்தார்கள். சாமானை ஏற்றிவிட்டுப் பூட்டிச் சாவியைக் கொடுத்தால் போதும், மிச்சம் வாங்கினவர் பாடு என்றார் தரகர். ஆணியைக்கூடப் பிடுங்கிவிட வேண்டும், நம் ஆணியில் அடுத்தவர் படம் மாட்டக் கூடாது என்றார் எதிர் வீட்டு அம்மா. பக்கத்து வீட்டுக்காரர்கள் சட்டம் எதுவும் பேசவில்லை. பழைய கிரைண்டரை விட்டுவிட்டுத்தானே போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். எல்லோருக்கும் தலையாட்டி வைத்தேன். என் கவலை ஆணியும் இல்லை, கிரைண்டரும் இல்லை.

என் கணவர் எங்கள் ஊரான விருத்தாசலத்தின் செராமிக் தொழிற்பேட்டையில் கல் அரைக்கும் இடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். வெள்ளைக் கல்லை உடைத்து, அரைத்து, சலித்து மாவாக்கினால்தான் அதைக் களிமண்ணோடு கலந்து பொம்மையோ கோப்பையோ செய்ய முடியும். அந்த மாவு அவர் நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது என்று நான்கு வருடங்களுக்கு முன் புதுச்சேரியில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அதற்குப் பிறகு கட்டில் பக்கத்தில் ஒரு ஆக்சிஜன் மெஷின் வந்தது. மெஷினிலிருந்து மூக்குக்குப் போகும் குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அவருக்கு வீடு. கூடத்திலிருந்து சமையலறை வாசல் வரை வருவார். தோட்டத்துக் கதவு எட்டாது. நான் குழாய் இல்லாமலே அதே நீளத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன். கரண்டு போனால் ஓடிவந்து சிலிண்டருக்கு மாற்ற வேண்டும் என்பதால் காய்கறிக் கடையில் நின்றாலும் காது வீட்டுப் பக்கமே இருக்கும். கடைசியில் தாம்பரத்தில் மகளோடு போய் இருப்பது என்று முடிவு செய்து வீட்டை விற்றோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம், மெஷின் அடுத்த அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேட்டையில் வேலை பார்த்த எங்களைப் போன்றவர்களுக்கு அது சும்மா கிடைக்கும் பொருள். சலித்ததில் மிஞ்சியதையும் சாக்கின் அடியில் தங்கியதையும் சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்துவிடுவார்கள். அதில் கோலம் போட்டால் கோடு பளிச்சென்று விழும், வெயிலில் மின்னும். பித்தளைப் பாத்திரம் தேய்த்தால் கண்ணைப் பறிக்கும். மார்கழியில் பாதித் தெரு என்னிடம் வந்து வாங்கிப்போகும். நானும் பெருமையாகப் படிபடியாக அளந்து கொடுத்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், நான் பெண்கள் பள்ளியில் வேதியியல் லேப் உதவியாளராக இருந்தவள். சோதனைக் குழாயில் ஒரு சிட்டிகை மிச்சம் இருந்தாலும் பிள்ளைகளை நிற்க வைத்துத் திட்டுவேன். அப்படிப்பட்டவள் தினமும் விடிகாலையில் குனிந்து நின்று என் முகத்துக்கு நேராகவே அதைத் தூவியிருக்கிறேன். புத்தி அப்போது எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை.

நோய் தெரிந்த அன்றே அரிசி மாவுக்கு மாறிவிட்டேன். ஆனால் உள்ளறைப் பரணில் மூன்று சாக்கு மாவு மிச்சம் இருந்தது. இறக்கினால் தூசி கிளம்பும். கிளம்பினால் அவரால் மூச்சு விட முடியாது. அவரோ வீட்டை விட்டு எங்கும் போவதில்லை. பரண் கதவைச் சாத்தி, சந்துக்கெல்லாம் டேப் ஒட்டி, நாளைக்குப் பார்க்கலாம் என்று நான்கு வருடத்தை ஓட்டினேன். எலிக்கு டேப் ஒரு பொருட்டா என்ன, உள்ளே போய்ச் சாக்கைக் கடித்து வைத்திருந்தது. உள்ளறைத் தரையில் தினமும் மெல்லிசாக ஒரு வெள்ளை படியும், தினமும் ஈரத் துணியால் துடைத்து எடுப்பேன்.

வீட்டை வாங்கியவர்கள் மங்கலம்பேட்டைக்காரர்கள். கணவன் குவைத்தில் வேலை செய்கிறான். பத்திரப் பதிவு முடிந்த வாரம் அவன் மனைவி ஜன்னல் திரைக்கு அளவெடுக்க மாமியாரோடும் ஒன்பது மாதக் குழந்தையோடும் வந்தாள். சின்னப் பெண், கலகலவென்று பேசுகிறவள். குழந்தையைக் கீழே விட்டுவிட்டு டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தாள். அது தவழ்ந்து உள்ளறைக்குப் போய் இரண்டு உள்ளங்கையும் வெளுத்துத் திரும்பி வந்தது, வந்ததும் ஒரு கையை முழுசாக வாயில் வைத்துக்கொண்டது. நான் பாய்ந்துபோய்க் கையை இழுத்து என் முந்தானையால் துடைத்தேன். வாய்க்குள் விரலை விட்டும் துடைத்தேன். குழந்தை வீரிட்டு அழுதது.

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "பரவாலக்கா, மண்ணத் தின்னுதான் எல்லாப் புள்ளயும் வளருது" என்று சிரித்துக்கொண்டே தூக்கிக்கொண்டாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பதிவு முடிந்துவிட்டது, அதைப் பற்றி பயம் இல்லை. வெட்கம்தான். இது என்ன மாவு என்று தெரிந்தும் இத்தனை நாள் வீட்டுக்குள் வைத்திருந்தோம் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவளேதான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நிற்பாள், இடுப்பில் குழந்தையோடு. கட்டிலில் உட்கார்ந்திருந்த என் கணவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து வெறி பிடித்தவள் மாதிரி துடைத்தேன். துடைப்பம் கூடாது, ஈரத் துணி மட்டும். மின்விசிறி இறக்கை, ஜன்னல் கம்பி, கதவின் மேல் விளிம்பு, சுவிட்சுப் பெட்டிக்குள் என்று ஒரு இடம் விடவில்லை. துடைத்த இடம் காய்ந்ததும் மறுபடி மங்கலாக ஒரு வெள்ளை தெரியும், மறுபடி துடைப்பேன். முட்டி வீங்கிவிட்டது. பத்து நாளில் வீடு முழுவதும் முடிந்து, பரண் மட்டும் நின்றது. அவர் வேனில் ஏறிக் கிளம்பட்டும், நான் ஒருநாள் பின்தங்கி அதையும் முடித்து, வீட்டைக் கழுவிவிட்டு பஸ்ஸில் வருகிறேன் என்று திட்டம் போட்டேன்.

தம்பியை வழியனுப்பத் திட்டக்குடியிலிருந்து வந்திருந்த நாத்தனாரிடம் இதைச் சொன்னதுதான் தாமதம், கையில் இருந்த முருங்கைக் கீரையை முறத்தில் போட்டுவிட்டு என்னையே பார்த்தார். ஊருக்குக் கிளம்பியவர் வாசல் தாண்டினதும் கூட்டக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான், எனக்கும் தெரியும். நான் சொன்னதோ கூட்டுவது இல்லை, வீட்டை முழுசாகக் கழுவுவது.

"ஆளு வெளிய போனதும் வூட்டக் கழுவி உடறது எப்பன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

தெரியும். என் மாமனாரை எடுத்துக்கொண்டு போனபோது, கூட்டம் தெருமுனை திரும்புவதற்குள் இதே கூடத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவியவள் நான்தான். லேபில் வேலை பார்த்தவள் இதற்கெல்லாம் பயப்படலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, பயம் இருந்தது. அந்த எக்ஸ்ரேயைப் பார்த்தவளுக்குப் பயப்பட நம்பிக்கை தேவையில்லை.

ஆக, அவர் வீட்டில் இருக்கும்வரை பரணைத் தொட முடியாது. அவர் போன பிறகு வீட்டைக் கழுவ முடியாது. கழுவாமல் விட்டால் குழந்தையின் வாய். ஆளை வைத்துச் செய்யலாம் என்றால், யார் கழுவினாலும் கழுவினதுதானே என்கிறார் நாத்தனார். எனக்கும் கூலி கொடுத்து இன்னொருத்தியை அந்தத் தூசிக்குள் ஏற்றிவிட மனம் வரவில்லை. எந்தப் பக்கம் போனாலும் முட்டியது. வீடு எங்களுடையதாக இருந்த வரையில் ஒருநாளும் அதற்குள் நான் இப்படி மாட்டிக்கொண்டது இல்லை. விற்ற பிறகு மூச்சு முட்டியது. அந்த இரண்டு நாளும் கண்ணில் பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். அவர் தண்ணீர் கேட்டதற்குக்கூடத் திட்டினேன்.

வழி கண்டுபிடித்ததும் நான்தான். தெருக்கோடியில் ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவர் இருக்கிறார், என் கணவருக்குச் சிநேகிதர். கிளம்பும் நாள் காலையில் சின்ன சிலிண்டரோடு அவர் வீட்டில் போய் இவரை உட்கார வைத்துவிடுவது. அதற்குள் நான் பரணை இறக்கிக் கழுவி முடிப்பது. தரை காய்ந்ததும் இவர் திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் பால் குடித்து, சாமி கும்பிட்டு, முறைப்படி கிளம்புவது. நாத்தனார் நெடுநேரம் யோசித்தார். போய்விட்டுத் திரும்பி வந்தால் அது புறப்பாடு ஆகாது, உள்ளே ஒரு எட்டு வைத்தால் போதும் என்று தீர்ப்புச் சொன்னார். பெரிய வக்கீலையே ஜெயித்துவிட்ட மாதிரி எனக்கு ஒரே சந்தோஷம்.

முதல் நாள் மாலையே சாமான்கள் லாரியில் போய்விட்டன. காலையில் கண்டக்டர் வந்து சிலிண்டர் வண்டியைப் பிடித்துக்கொண்டார், இவர் குடையை ஊன்றி மெதுவாக நடந்தார். நான் அதற்குள் என் மூக்கில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டுவிட்டேன். வெயில் ஏறுகிறது, சீக்கிரம் போங்கள் என்று விரட்டியது நினைவிருக்கிறது. அவர்கள் தெருவில் இறங்கியதும் ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினேன்.

சாக்குகளை அப்படியே தொடாமல் மக்கு மக்காகத் தண்ணீர் ஊற்றி நனைத்தேன். நனைந்த மாவு குழைந்து கனத்தது. பிளாஸ்டிக் பையில் அள்ளி அள்ளிப் போட்டுக் கீழே கொடுக்க, நாத்தனார் வாங்கி வைத்தார். பேட்டையில் கழிவு கொட்டும் இடத்துக்கே ஆட்டோவில் அனுப்பிவைத்தோம், வந்த இடத்துக்கே போகட்டும் என்று. அப்புறம் கழுவினேன். முதல் வாளித் தண்ணீர் பாலாக ஓடியது, அடுத்தது மோராக, அதற்கடுத்து கொஞ்சம் கலங்கலாக. தெளிந்து ஓடும்வரை நிறுத்தவில்லை. சிவப்பு சிமெண்டுத் தரை அதன் உண்மையான நிறத்தில் கிடந்ததை எத்தனை வருடம் கழித்துப் பார்த்தேனோ தெரியாது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் மெஷின் சத்தம் இல்லை. நான்கு வருடத்தில் முதல் தடவையாக அந்த இரண்டு மணி நேரமும் கரண்டைப் பற்றி நினைக்காமல், காதைத் தீட்டிக்கொள்ளாமல், யாருடைய மூச்சையும் கணக்கிடாமல் ஒரு வேலை செய்தேன். நன்றாக இருந்தது. சொல்லக் கூசுகிறது, ஆனால் நன்றாகத்தான் இருந்தது.

பதினொரு மணிக்கு வேன் வந்து நின்றது. தெருக்கோடியிலிருந்து அவர்களும் வந்தார்கள். நாத்தனார் பால் டம்ளரோடு வாசலில் காத்திருந்தார். நான் கூடத்தில் நின்றிருந்தேன். என் கணவர் கேட்டுக்கு வெளியே நின்று திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தார். தரையைத்தான் பார்த்தார். பிறகு வேன் பக்கம் திரும்பினார்.

உள்ளே வந்து பாலைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். வேண்டாம் என்று தலையசைத்தார். நாத்தனார் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கெஞ்சினார், தம்பி, ஒரே ஒரு எட்டு என்று. அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சை வாங்கி வாங்கித்தான் பேசினார்.

"இருவத்தாறு வருசமா நான்தான் அத இந்த வூட்டுக்குத் தூக்கிட்டு வந்தேன். இன்னிக்கிதான் சுத்தமா இருக்குது. கொழந்த தவழுற எடம். நான் உள்ள வரல."

இருமலில் அது வெளியே வராது, உங்கள் மேலே ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை, நான் படித்திருக்கிறேன், எனக்குத் தெரியும் என்று ஏதேதோ சொன்னேன். அவருக்கும் தெரிந்திருக்கும். டிரைவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட, ஏறி உட்கார்ந்துகொண்டார். நாத்தனார் டம்ளரைப் படியில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

அவர் புறப்பட்டுப் போன பிறகு கழுவக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு ஏற்பாடும் செய்தேன். அவர் அந்த வீட்டை விட்டுப் புறப்பட்டது காலை எட்டரை மணிக்கு, குடையை ஊன்றிக்கொண்டு, நான் விரட்ட விரட்ட. நான் கழுவ ஆரம்பித்தது ஒன்பதே காலுக்கு.